விலகி நில்லுங்கள், உதவி வருகிறது: 'ஸ்டிக்ஸ்' படமும் கடலின் சட்டமும்

ஜெர்மனியின் கொலோன் நகரில் இரவு நேரம். ஒரு கார் மோதி நசுங்கிக் கிடக்கிறது. கொஞ்ச நேரத்தில் தீயணைப்பு வண்டி வருகிறது, ஆம்புலன்ஸ் வருகிறது, ரீக்கே என்ற அவசர சிகிச்சை மருத்துவர் வந்து சேர்கிறார். யார் என்ன செய்ய வேண்டும் என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை. உள்ளே மாட்டிக்கொண்டவர் எந்த நாட்டுக்காரர், தவறு அவர் மேலா என்றெல்லாம் ஒருவரும் விசாரிப்பதில்லை. எல்லாரும் வேலையைப் பார்க்கிறார்கள்.

2018-இல் வந்த 'ஸ்டிக்ஸ்' படம் இங்கேதான் தன் கதையைத் தொடங்குகிறது. முதல் முறை பார்த்தபோது இந்த விபத்துக் காட்சி எதற்கு என்று எனக்குப் பிடிபடவில்லை. கடலில் நடக்கும் கதைக்கு நகரத்துச் சாலை விபத்து எதற்கு? படம் முடிந்த பிறகுதான் உறைத்தது. இதே பெண், இதே படிப்பு, இதே கைகள், ஆனால் சுற்றியிருக்கும் ஏற்பாடு மட்டும் வேறு. அப்போது என்ன நடக்கும் என்பதுதான் அடுத்த ஒன்றரை மணி நேரமும்.

ஆஸ்திரிய இயக்குநர் வொல்ஃப்காங் ஃபிஷர் எடுத்த ஜெர்மன்-ஆஸ்திரிய கூட்டுத் தயாரிப்பு இது. ரீக்கேயாக நடித்தவர் சுசானே வொல்ஃப். 2018 பெர்லின் திரைப்பட விழாவில் பனோரமா பிரிவில் திரையிடப்பட்டது. அதே ஆண்டு ஐரோப்பிய நாடாளுமன்றம் வழங்கிய லக்ஸ் பரிசின் இறுதிச் சுற்றுக்கு வந்த மூன்று படங்களில் ஒன்று. இத்தனை இருந்தும் திரைப்பட விழாக்களுக்கு வெளியே இதைப் பார்த்தவர்கள் குறைவு. படத்தில் வசனம் மிகக் கொஞ்சம். காற்று, பாய், கயிறு, தண்ணீர், வயர்லெஸ் கருவியில் கரகரக்கும் குரல்கள், அவ்வளவுதான். பெரும்பகுதியை மால்டாவை ஒட்டிய திறந்த கடலிலேயே எடுத்திருக்கிறார்கள்.

கதையைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேச முடியாது. அதனால் முடிவு வரை சொல்லிவிடுகிறேன்.

ரீக்கே விடுமுறையில் ஜிப்ரால்டரிலிருந்து 'ஆசா கிரே' என்ற சிறிய பாய்மரப்படகில் தன்னந்தனியாகக் கிளம்புகிறார். போக வேண்டிய இடம் தென் அட்லாண்டிக்கில் இருக்கும் அசென்ஷன் தீவு, 5000 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி. முதல் அரை மணி நேரம் அவர் படகோட்டும் நேர்த்தியைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒவ்வொரு முடிச்சும் சரியாக விழுகிறது. மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் ஓர் இரவு புயல் அடிக்கிறது. பொழுது விடிந்தால், சற்றுத் தொலைவில் பழைய மீன்பிடி விசைப்படகு ஒன்று என்ஜின் செத்துப்போய் மிதக்கிறது. அதன்மேல் நெருக்கியடித்துக்கொண்டு மனிதர்கள். கையை ஆட்டுகிறார்கள், கத்துகிறார்கள். சிலர் தண்ணீரில் குதித்து ரீக்கேயின் படகை நோக்கி நீந்தவும் செய்கிறார்கள்.

ரீக்கே செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்கிறார். வயர்லெஸ்ஸில் கடலோரக் காவல்படையைக் கூப்பிட்டு, இருக்கும் இடத்தையும் நிலைமையையும் சொல்கிறார். பதில் வருகிறது: நெருங்க வேண்டாம், விலகி நில்லுங்கள், உதவி வந்துகொண்டிருக்கிறது.

நேரம் போகிறது. உதவி வரவில்லை.

படத்தின் முழுப் பாரமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அந்தக் குரலை வில்லன் குரல் என்று ஒதுக்கிவிட முடியாது. அது சொல்வதில் நியாயமும் இருக்கிறது. நெரிசலான படகின் அருகே இன்னொரு படகு போனால், எல்லாரும் ஒரே பக்கம் ஓடுவார்கள், படகு கவிழும். இது வெறும் அச்சமில்லை. 2015 ஏப்ரலில் லிபியாவுக்கு வடக்கே ஒரு மீன்பிடி படகு, தன்னை மீட்க வந்த சரக்குக் கப்பலோடு மோதிக் கவிழ்ந்தது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், பிழைத்தவர்கள் 28 பேர். மீட்புப் பயிற்சி பெற்றவர்கள் நேராகப் படகை ஒட்டிப் போகவே மாட்டார்கள். முதலில் தள்ளி நின்று லைஃப் ஜாக்கெட்டுகளைக் கொடுத்து, உட்காரச் சொல்லி, பதற்றம் தணிந்த பிறகுதான் ஒவ்வொருவராக ஏற்றுவார்கள். ஓர் ஆள் ஓட்டும் சிறிய பாய்மரப்படகால் இதில் எதுவும் ஆகாது. நூறு பேரை ஏற்றினால் இரண்டு படகும் போய்விடும்.

ஆக, 'விலகி நில்லுங்கள்' என்பது சரியான அறிவுரைதான். ஆனால் அதன் மறுபாதி, அதாவது 'உதவி வருகிறது' என்பது உண்மையாக இருந்தால் மட்டுமே அது சரி. மறுபாதி பொய்யானால் முதல் பாதி ஒரு மரண உத்தரவாக மாறிவிடுகிறது. ரீக்கேயின் பிரச்சினை அவருக்கு இரக்கம் இருக்கிறதா இல்லையா என்பதே இல்லை. தன் கடமையை ஒழுங்காக இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டார். ஒப்படைக்கப்பட்ட இடத்தில் அதை எடுத்துக்கொள்ள ஆள் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கொஞ்சம் பார்க்கலாம். ஏனென்றால் கடலில் உயிரைக் காப்பது கருணையின் பாற்பட்டது என்று பலரும் நினைக்கிறோம். அது தவறு. 1910-இல் பிரஸ்ஸல்ஸில் ஏற்பட்ட ஒப்பந்தமே, கடலில் உயிராபத்தில் இருக்கும் எவருக்கும், எதிரியாக இருந்தாலும், உதவ வேண்டியது கப்பல் தலைவரின் கடமை என்று எழுதிவைத்தது. தன் கப்பலுக்கோ அதிலுள்ளவர்களுக்கோ பெரும் ஆபத்து வராத அளவுக்கு என்பது மட்டும்தான் நிபந்தனை. இரண்டு வருடம் கழித்து டைட்டானிக் மூழ்கியது. பக்கத்தில் நின்றிருந்த கலிஃபோர்னியன் என்ற கப்பலின் ஒரே வயர்லெஸ் இயக்குநர் அன்றைய வேலையை முடித்துத் தூங்கப் போயிருந்தார், ஆபத்து அழைப்பு அந்தக் கப்பலை எட்டவே இல்லை. அந்த அதிர்ச்சியிலிருந்துதான் 1914-இல் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம் பிறந்தது. கப்பல்கள் இரவும் பகலும் வயர்லெஸ்ஸைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்ற ஏற்பாடு அப்படி வந்ததுதான்.

இன்று நடைமுறையில் இருப்பது அதன் 1974-ஆம் ஆண்டு வடிவம். 1979-இல் ஹாம்பர்கில் தேடல்-மீட்பு ஒப்பந்தம் வந்தது, உலகக் கடல்கள் மீட்புப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொன்றும் ஒரு நாட்டின் பொறுப்பில் விடப்பட்டன. 1982-இல் ஐ.நா. கடல் சட்டத்தின் 98-ஆவது பிரிவு இதே கடமையை மறுபடி உறுதி செய்தது. இவற்றில் எதிலும் 'அகதி', 'சட்டவிரோதக் குடியேறி' என்ற பிரிவினை கிடையாது. ஆபத்தில் இருக்கும் ஆள், அவ்வளவுதான். ஜெர்மனியின் குற்றவியல் சட்டத்திலும் 323சி என்று ஒரு பிரிவு உண்டு. விபத்தில் சிக்கியவருக்கு உதவ முடிந்தும் உதவாமல் போனால் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம். கொலோன் சாலையில் ரீக்கே நின்றது இந்தச் சட்டத்தின் கீழ்தான்.

டைட்டானிக் காலத்தில் கேட்கவில்லை, அதனால் வரவில்லை. இந்தப் படத்தில் எல்லாருக்கும் நன்றாகவே கேட்கிறது.

இது இயக்குநரின் கற்பனை என்று தள்ள முடியாதபடி ஒரு நிஜச் சம்பவம் இருக்கிறது. 2011 மார்ச் இறுதியில் 72 பேரோடு ஒரு ரப்பர் படகு லிபியாவின் திரிப்போலியிலிருந்து கிளம்பியது. லிபியாவில் அப்போது போர் நடந்துகொண்டிருந்தது, மத்தியதரைக் கடலில் நேட்டோ நாடுகளின் போர்க்கப்பல்கள் நிறைந்திருந்தன. படகிலிருந்தவர்கள் சாட்டிலைட் போனில் ரோமில் இருந்த ஒரு பாதிரியாரைக் கூப்பிட்டார்கள். அவர் இத்தாலியக் கடலோரக் காவல்படைக்குச் சொன்னார். படகு இருக்கும் இடம் தெரிந்தது, அந்தப் பகுதிக் கப்பல்களுக்கு எச்சரிக்கையும் போனது. ஒரு ஹெலிகாப்டர் வந்து தண்ணீரும் பிஸ்கட்டும் போட்டுவிட்டுப் போனது. ஒரு பெரிய ராணுவக் கப்பல் கிட்ட வந்து பார்த்துவிட்டு விலகியது என்று பிழைத்தவர்கள் சாட்சி சொன்னார்கள். இரண்டு வாரம் மிதந்து, படகு லிபியக் கரைக்கே திரும்பி ஒதுங்கியது. 72 பேரில் கடைசியில் உயிரோடு எஞ்சியவர்கள் ஒன்பது பேர். ஐரோப்பிய கவுன்சில் 2012-இல் விசாரித்து அறிக்கை கொடுத்தது. ஒருவர் மீதும் தனியாகக் குற்றம் சுமத்த முடியாதபடி பொறுப்பு எத்தனை கைகளில் சிதறிப்போனது என்பதைத்தான் அந்த அறிக்கையைப் படிக்கும்போது பார்க்கிறோம்.

அப்புறம் 2013 அக்டோபர் 11. சிரியாவிலிருந்து தப்பியவர்களின் படகு இத்தாலியின் லம்பெதூசா தீவுக்குத் தெற்கே மூழ்கிக்கொண்டிருந்தது. தொலைபேசியில் உதவி கேட்டவர் படகிலேயே இருந்த ஒரு மருத்துவர். இத்தாலியில் எடுத்தவர்கள் மால்டாவைக் கூப்பிடச் சொன்னார்கள், அது மால்டாவின் மீட்புப் பகுதியாம். இத்தாலியக் கடற்படைக் கப்பல் ஒன்று அருகில் இருந்தும் உடனே அனுப்பப்படவில்லை. 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் நிறையப் பேர் குழந்தைகள். அது வேறு நாட்டின் மீட்புப் பகுதியாகவே இருந்தாலும் இத்தாலிக்கும் பொறுப்பு உண்டு என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2021-இல் சொன்னது. படகு மூழ்கி ஏழு வருடம் கழித்து.

மீட்புக்குப் பொறுப்பாளர் யார் என்று தெளிவாக்கத்தான் கடலை வரைபடத்தில் பிரித்தார்கள். அதே கோடு பொறுப்பைத் தட்டிக்கழிக்கவும் வசதியாக இருக்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

படத்தில் ஒரு கன்டெய்னர் கப்பலும் வருகிறது. ரீக்கே அதையும் வயர்லெஸ்ஸில் கூப்பிடுகிறார். அங்கிருந்து பேசுபவர் மரியாதையாகத்தான் பேசுகிறார். கம்பெனியின் விதிகள் கறாரானவை, தலையிட்டால் என் வேலை போய்விடும் என்கிறார். இதில் ஒரு கசப்பான விஷயம் இருக்கிறது. மேலே சொன்ன 1974 ஒப்பந்தத்தின்படி, கடலில் உயிரைக் காக்கத் தேவை என்று கப்பல் தலைவர் எடுக்கும் முடிவைக் கம்பெனியோ வாடகைக்கு எடுத்தவரோ தடுக்கக் கூடாது. சட்டம் அந்த மனிதரின் பக்கம்தான் நிற்கிறது. ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுப்பது சட்டம் இல்லை.

கப்பல்காரர்களின் பயம் காரணமில்லாததும் இல்லை. 2001 ஆகஸ்டில் ஆர்னே ரின்னன் என்ற நார்வே கேப்டன், தன் 'டாம்பா' கப்பலில், மூழ்கிக்கொண்டிருந்த இந்தோனேசியப் படகிலிருந்து 430-க்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றினார். பெரும்பாலானோர் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்கள். ஆஸ்திரேலியா அவர்களைக் கிறிஸ்மஸ் தீவில் இறக்க அனுமதிக்கவில்லை. கேப்டன் தீவை நோக்கிக் கப்பலைத் திருப்பியதும் ராணுவத்தின் சிறப்புப் படை கப்பலில் ஏறியது. கடைசியில் அந்த மக்களை நவ்ரூ தீவுக்கும் நியூசிலாந்துக்கும் அனுப்பினார்கள். ரின்னனுக்கும் அவர் மாலுமிகளுக்கும் அடுத்த ஆண்டு ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் நான்சன் விருது கிடைத்தது. உலகத்தின் மற்ற கேப்டன்கள் விருதை நினைவில் வைத்தார்களா, சிறப்புப் படையை நினைவில் வைத்தார்களா?

இதற்குப் பிறகு 2004-இல் விதிகளைத் திருத்தினார்கள், 2006-இல் நடைமுறைக்கு வந்தது. மீட்டவர்களைப் பாதுகாப்பான இடத்தில் இறக்க அரசுகள் ஒத்துழைக்க வேண்டும், மீட்ட கப்பலுக்குக் கூடிய மட்டும் தாமதம் ஏற்படக் கூடாது என்றார்கள். மால்டா அந்தத் திருத்தத்தை ஏற்கவில்லை. 2020 ஆகஸ்டில் டென்மார்க் கொடியோடு சென்ற 'மேர்ஸ்க் எட்டியென்' என்ற எண்ணெய்க் கப்பல், மால்டா அதிகாரிகள் கேட்டுக்கொண்டதன் பேரில் 27 பேரை மீட்டது. மீட்ட பிறகு எந்தத் துறைமுகமும் திறக்கவில்லை. ஐந்து வாரத்துக்கும் மேல் அந்த 27 பேரும் எண்ணெய்க் கப்பலிலேயே கிடந்தார்கள். கூப்பிட்டால் வந்த கப்பலுக்கே இந்த நிலைமை என்றால், அடுத்த கப்பல் ஏன் நிற்கப்போகிறது?

தமிழர்களுக்கு இது தூரத்துக் கதையும் இல்லை. 1986 ஆகஸ்டில் இலங்கைத் தமிழர்கள் 150-க்கும் மேற்பட்டோர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்தார்கள். மேற்கு ஜெர்மனியிலிருந்து ஏற்றிவந்த கப்பல் அவர்களை நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. அவர்களைக் கண்டு கரைசேர்த்தவர்கள் அந்தப் பக்கத்து மீனவர்கள். யார், எங்கிருந்து என்ற கேள்விகள் எல்லாம் கரைக்கு வந்த பிறகுதான் வந்தன. கேள்வி கேட்பது தவறில்லை, அதைக் கரையில் வைத்துக் கேட்கலாம்.

சரி, படத்துக்கு வருவோம். தண்ணீரில் குதித்தவர்களில் ஒரு சிறுவன் மட்டும் 'ஆசா கிரே' வரை நீந்தி வந்துவிடுகிறான். பெயர் கிங்ஸ்லி. ரீக்கே அரும்பாடுபட்டு அவனை மேலே இழுத்துப்போட்டு, காயங்களுக்கு மருந்து போடுகிறார். அந்தச் சிறுவனாக நடித்த கெடியன் ஒதுவோர் வெகேசா கென்யாவின் நைரோபியைச் சேர்ந்தவர். கண் விழித்ததும் அவன் கேட்பது ஒன்றே ஒன்று: திரும்பிப் போ, என் அக்கா அங்கே இருக்கிறாள். ரீக்கே முடியாது என்கிறார், காரணம் சொல்கிறார். காரணம் எல்லாமே சரியானது. அவனுக்கு அந்தக் காரணங்களோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. தூரத்தில் இருக்கும்போது நூறு பேர் ஒரு கணக்கு. அந்தக் கணக்கிலிருந்து ஒருவன் எழுந்து வந்து எதிரே உட்கார்ந்து பேசும்போது, கணக்கு அப்படியே இருந்தாலும் அதைச் சொல்ல வாய் வருவதில்லை. சுசானே வொல்ஃப் இதை வசனமே இல்லாமல் முகத்தில் கொண்டுவருகிறார். அந்த ஆண்டின் நடிப்புகளில் நான் மறக்காத ஒன்று இது.

ரீக்கே போக நினைத்த அசென்ஷன் தீவும் சும்மா தேர்ந்தெடுத்ததில்லை. வறண்ட எரிமலைத் தீவு அது. 1836-இல் டார்வின் அங்கே இறங்கினார். பிறகு தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் யோசனைப்படி, லண்டனின் கியூ தோட்டமும் பிரிட்டிஷ் கடற்படையும் சேர்ந்து உலகின் பல மூலைகளிலிருந்து செடிகளைக் கொண்டுபோய் நட்டன. இன்று அதன் மலையுச்சியில் மனிதர் உண்டாக்கிய காடு இருக்கிறது. எங்கிருந்தோ வந்த செடிகள் ஒன்றோடொன்று சேர்ந்து வேர்பிடித்த இடம். அந்தச் சொர்க்கத்தைப் பற்றிய புத்தகத்தைப் படகில் புரட்டிக்கொண்டு போகிறார் ரீக்கே. படகின் பெயரான ஆசா கிரே, டார்வினோடு கடிதத் தொடர்பில் இருந்த அமெரிக்கத் தாவரவியலாளர். கொலோன் விபத்துக்கும் முன்னால், படத்தின் தொடக்கத்தில் ஜிப்ரால்டர் தெருக்களில் குரங்குகள் திரிகின்றன, வட ஆப்பிரிக்காவிலும் வாழும் அதே இனம். எங்கிருந்தோ வந்த செடிக்கும் குரங்குக்கும் இடம் கிடைத்தது, மனிதருக்கு இல்லை என்று படம் வாய்விட்டுச் சொல்வதில்லை, காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

தலைப்பும் அப்படித்தான். கிரேக்கப் புராணத்தில் ஸ்டிக்ஸ் என்பது உயிரோடிருப்பவர்களின் உலகத்தையும் இறந்தவர்களின் உலகத்தையும் பிரிக்கும் ஆறு. தேவர்கள் மீற முடியாத சத்தியம் செய்வதும் அந்த ஆற்றின் மேல்தான். ஒரு மருத்துவரின் உறுதிமொழியைப் பற்றிய படத்துக்கு இரண்டாவது பொருள்தான் எனக்கு அதிகம் பொருந்துகிறது.

குறை ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். விசைப்படகில் இருப்பவர்கள் கடைசி வரை தூரத்து உருவங்களாகவே இருக்கிறார்கள். கிங்ஸ்லி ஒருவனுக்குத்தான் பெயரும் குரலும். நாம் முழுக்க முழுக்க ஐரோப்பியப் பெண்ணின் மனசாட்சிக்குள் உட்கார்ந்திருக்கிறோம். அவர்கள் ஏன் கிளம்பினார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், யாரை விட்டுவந்தார்கள் என்பது தெரியாது. இயக்குநர் தெரிந்தேதான் இப்படிச் செய்திருக்கிறார், ரீக்கே பார்க்கும் தூரத்திலிருந்தே நாமும் பார்க்க வேண்டும் என்று. அந்த முடிவை நான் மதிக்கிறேன். ஆனாலும் 2014-க்குப் பிறகான பத்தாண்டில் மத்தியதரைக் கடலில் மட்டும் இறந்தோ காணாமலோ போனவர்களாக சர்வதேச இடப்பெயர்வு அமைப்பு பதிவு செய்திருப்பது 25,000-க்கும் மேல். அவர்களை நடுவில் வைத்து எடுத்த கதைகளையும் இதோடு சேர்த்துப் பார்த்தால்தான் இந்தப் படம் முழுமையாகும்.

கடைசியில் ரீக்கே என்ன செய்கிறார் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மறுபடி மறுபடி கூப்பிட்டும் பலனில்லாமல் போன பிறகு, அவர் வயர்லெஸ்ஸை எடுத்து ஒரு பொய் சொல்கிறார். என் படகு மூழ்குகிறது, மேடே. உயிராபத்து என்று அறிவிக்கும் வயர்லெஸ் சொல் அது. அதற்குப் பிறகு எந்த அழைப்புக்கும் பதில் கொடுப்பதில்லை. அடுத்து, போக வேண்டாம் என்று சொல்லப்பட்ட அந்த விசைப்படகுக்கே போய் ஏறுகிறார். உள்ளே பெரும்பாலானோர் இறந்து கிடக்கிறார்கள்.

இந்த முறை கப்பல் வருகிறது. முதலில் கூப்பிட்டபோது அவர் சொன்னதும் இதே இடத்தைத்தான்.